ஓட்டு ரகசியம், ஓட்டுப் போட்டது ரகசியமல்ல

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடக்கவிருந்த பிரைமரி தேர்தலுக்கு, அதாவது கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு, 11 நாட்கள் இருந்தபோது, அம்மாநிலத்தின் சுமார் 20,000 வீடுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. நீங்கள் வாக்களித்தீர்களா இல்லையா என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அதன் தலைப்பில் இருந்தது. கீழே ஓர் அட்டவணை. அதில் அந்த வீட்டாரின் பெயர்களும், பக்கத்து வீட்டாரின் பெயர்களும், 2004 ஆகஸ்டிலும் நவம்பரிலும் அவர்களில் யார் யார் வாக்களித்தார்கள் என்ற விவரமும் அச்சிடப்பட்டிருந்தன. 2006 ஆகஸ்டுக்குரிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. தேர்தல் முடிந்ததும் அதையும் நிரப்பி, உங்களுக்கும் உங்கள் அண்டை வீட்டாருக்கும் அனுப்ப எண்ணியிருக்கிறோம் என்று கடிதம் முடிந்தது.

ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற மூன்று அரசியல் அறிவியலாளர்கள் 1,80,000 வீடுகளை வைத்து நடத்திய பரிசோதனையின் ஒரு பகுதி அது. கடிதமே பெறாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். வாக்களிப்பது குடிமக்களின் கடமை என்று மட்டும் நினைவூட்டிய கடிதத்தைப் பெற்றவர்களில் இது 31.5 சதவீதம். அவரவர் வீட்டு விவரத்தை மட்டும் காட்டிய கடிதம் 34.5 சதவீதத்தை எட்டியது. பக்கத்து வீட்டையும் சேர்த்துக் காட்டிய கடிதமோ 37.8 சதவீதத்துக்கு உயர்த்தியது. ஒரே ஒரு காகிதத் தாள் 8 சதவீதப் புள்ளிகளைக் கூட்டியது என்பது தேர்தல் பிரசாரம் அறிந்தவர்களுக்கு நம்ப முடியாத செய்தி. வீட்டுக்கு வந்து விழும் சாதாரணப் பிரசார அட்டைகளால் ஒரு புள்ளியை உயர்த்துவதே அரிது.

இப்படியொரு பட்டியலை வெளியார் எப்படித் தயாரிக்க முடிந்தது என்ற கேள்வி இயல்பாக எழும். அமெரிக்காவில் யாருக்கு வாக்களித்தோம் என்பதுதான் ரகசியம். வாக்களித்தோமா என்பது பொது ஆவணம். மாநில வாக்காளர் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பது பதிவாகியிருக்கும். கட்சிகளும் ஆய்வாளர்களும் அதை முறைப்படி வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பரிசோதனையின் அருமை, அது ஒரு பழைய புதிருக்குத் தந்த வெளிச்சத்தில் இருக்கிறது. ஒருவருடைய தனி வாக்கு தேர்தல் முடிவை மாற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. 2008 அதிபர் தேர்தலுக்குப் போடப்பட்ட ஒரு கணக்கின்படி, சராசரி அமெரிக்க வாக்காளருக்கு அந்த வாய்ப்பு 6 கோடியில் ஒன்று. வேலை நாளான செவ்வாய்க்கிழமையில் விடுப்புக் கேட்டு, வரிசையில் நிற்கும் செலவு மட்டும் நிச்சயமானது. லாப நட்டம் பார்க்கும் எவரும் வாக்களிக்கவே கூடாது என்ற இடத்துக்குத்தான் 1957இல் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் முன்வைத்த வாதம் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1968இல் அரசியல் அறிவியலாளர்கள் வில்லியம் ரைக்கரும் பீட்டர் ஆர்டெஷூக்கும் அதே லாப நட்டச் சமன்பாட்டில் கடமை உணர்வு என்ற ஓர் உறுப்பைச் சேர்த்துச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தார்கள். விடை வராத கணக்கில் வேண்டிய எண்ணை எழுதிக்கொண்டது போலத்தான் பலருக்கும் அது தோன்றியது. மிச்சிகன் கடிதங்கள் அந்த உறுப்பைப் பிரித்துக் காட்டின. மனசாட்சியைத் தட்டியதால் கிடைத்தது 2 புள்ளிக்கும் குறைவு. அடுத்தவர் கண்ணில் படுவோம் என்ற எண்ணத்தால் கிடைத்தது அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

பின்னோக்கிப் பார்த்தால் இது அமெரிக்காவுக்குப் புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வாக்குச்சீட்டை அச்சிட்டுக் கொடுத்தவை கட்சிகளே. யார் எந்தக் கட்சியின் சீட்டைப் பெட்டியில் போடுகிறார் என்பது சுற்றி நிற்பவர்களுக்கு வெட்டவெளிச்சம். அந்நாளைய அதிபர் தேர்தல்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 1888இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசே அச்சிட்டு வழங்கும் ரகசிய வாக்குச்சீட்டை ஏற்றது. மற்ற மாநிலங்களும் விரைவில் தொடர்ந்தன. 1920களில் வாக்குப்பதிவு 50 சதவீதத்தை ஒட்டிச் சரிந்திருந்தது. தென் மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்ததும், பதிவு விதிகள் கடுமையானதும், புதிதாக வாக்குரிமை பெற்ற பெண்களில் பலர் தொடக்கத்தில் வாக்களிக்காததும் இதில் சேர்த்தி. ஆகவே பழியை ரகசியச் சீட்டின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் லஞ்சத்தையும் மிரட்டலையும் விரட்டிய அதே திரை, ஊரார் பார்வை என்ற உந்துதலையும் ஓரளவு மறைத்துவிட்டது.

முகநூல் 2010 நவம்பர் 2 அன்று அந்தப் பார்வையை வேறொரு வடிவில் மீட்டுக் கொண்டுவந்தது. 6.1 கோடிப் பயனர்கள் ஈடுபடுத்தப்பட்ட ஆய்வில், நான் வாக்களித்தேன் என்று சொல்லும் பொத்தானோடு, அதை ஏற்கெனவே அழுத்திய நண்பர்கள் சிலரின் படங்களும் பெரும்பாலோருக்குக் காட்டப்பட்டன. படங்கள் இல்லாமல் செய்தியை மட்டும் பார்த்தவர்களிடம், எதையும் பார்க்காதவர்களோடு ஒப்பிட மாற்றமே இல்லை. நண்பர் முகங்களோடு பார்த்தவர்களிடமும், அவர்களுடைய நண்பர்களிடமும் பரவிய விளைவாக சுமார் 3,40,000 வாக்குகள் கூடின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்த ஆய்வுகளின்படி பார்த்தால், இந்த நாட்டில் யாருமே வாக்களிப்பதில்லை என்று அங்கலாய்க்கும் பிரசாரம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது. கெர்பரும் டாட் ரோஜர்ஸும் நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் தொலைபேசி வழியே சோதித்தபோது, வாக்குப்பதிவு அதிகமாக இருக்கும் என்று சொல்லக் கேட்டவர்களே, குறிப்பாக எப்போதாவது வாக்களிப்பவர்கள், தாங்களும் வாக்களிக்கப்போவதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அதேவேளை வெட்கப்படுத்தும் உத்திக்கு ஓர் எல்லை உண்டு. 2016இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிட்ட டெட் குரூஸின் பிரசாரக் குழு அயோவா வாக்காளர்களுக்கு மதிப்பெண் அட்டை போன்ற கடிதங்களை, வாக்களிப்பு விதிமீறல் என்ற தலைப்பிட்டு அனுப்பியது. மாநிலத் தேர்தல் அதிகாரி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். குரூஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. அயோவாவில் வெற்றியும் பெற்றார்.

இதுவரை சொன்னவை கட்சி சாராத நெறிகள். அடுத்தவர் என்ன நினைப்பார் என்பதில் அந்த அடுத்தவர் யார் என்பதைக் கட்சியே தீர்மானிக்கத் தொடங்கும்போது கணக்கு மாறுகிறது. தபால் வாக்கு இதற்குத் தெளிவான உதாரணம். கலிபோர்னியா, யூட்டா, வாஷிங்டன் மாநிலங்களில் எல்லாருக்கும் தபாலில் சீட்டு அனுப்பும் முறை மாவட்டம் மாவட்டமாக விரிந்ததை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அதனால் மொத்த வாக்குப்பதிவு சற்றே கூடியது, எந்தக் கட்சிக்கும் லாபமில்லை என்று கண்டது. பென்சில்வேனியாவில் காரணம் சொல்லாமலே தபாலில் வாக்களிக்க வழிசெய்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றியதே குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம்தான்.

சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது. டொனால்ட் டிரம்ப், தாமே புளோரிடாவில் தபாலில் வாக்களித்தவராக இருந்தும், தபால் வாக்கு மோசடிக்கு வழி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 2020 நவம்பரில் ஜனநாயகக் கட்சியினரில் பத்துக்கு ஆறு பேர் தபாலில் வாக்களிக்க, குடியரசுக் கட்சியினரில் மூன்றில் ஒருவர் மட்டுமே அவ்வாறு செய்தார். பென்சில்வேனியா சட்டப்படி தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் திறக்கக்கூடாது. நேரில் பதிவான வாக்குகள் முதலில் எண்ணப்பட்டதால் டிரம்ப் பெரிதாக முன்னிலை வகித்தார். உறைகள் திறக்கத் திறக்க அது கரைந்து, இறுதியில் பைடன் சுமார் 80,000 வாக்குகளில் வென்றார். எண்ணும் வரிசையால் வந்த இந்த ஏற்ற இறக்கமே மோசடிக்குச் சாட்சியாகக் காட்டப்பட்டது. தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்வது எந்தச் சட்டத்திலும் இல்லை. 1896 அதிபர் தேர்தலில் தோற்ற வில்லியம் பிரையன், வென்ற வில்லியம் மெக்கின்லிக்கு அனுப்பிய வாழ்த்துத் தந்தி முதல் வேரூன்றிய வழக்கம் அது. அந்த வழக்கமும் அந்தத் தேர்தலில் அறுந்தது.

அவநம்பிக்கை வாக்குப்பதிவையும் தொடுகிறது. ஜார்ஜியாவில் 2021 ஜனவரி 5 அன்று செனட் இடங்கள் இரண்டுக்கு நடந்த இறுதிச் சுற்றுக்குப் பின், ட்விட்டர் கணக்குகளை வாக்காளர் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வில், மோசடிக் கதைகளை விரும்பியோரும் பகிர்ந்தோரும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாக வாக்களித்திருந்தார்கள். காரணம் அதுவேதான் என்று இந்த வகை ஆய்வு நிறுவிவிடாது. ஆனால் இரண்டு இடங்களையும் குடியரசுக் கட்சி குறைந்த வித்தியாசத்தில் இழந்தது.

வாக்குப்பதிவு கூடினால் ஜனநாயகக் கட்சிக்கே லாபம் என்ற பழைய நம்பிக்கையும் இதற்குள் ஆட்டம் கண்டிருந்தது. தவறாமல் வாக்களிக்கும் பட்டதாரிகள் அக்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். எப்போதாவது வாக்களிப்பவர்களில் பலர் டிரம்ப் பக்கம் நகர்ந்தார்கள். வராதவர்களை வரவழைக்க வேண்டிய தேவை இப்போது குடியரசுக் கட்சிக்கு. ஆகவே 2024இல் முன்கூட்டியே வாக்களியுங்கள், தபாலிலும் வாக்களியுங்கள் என்று அதே கட்சி தன் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டது. நெவாடாவில் முன்கூட்டி வாக்களித்தோரில் அக்கட்சியில் பதிவு செய்தவர்களே முந்தியிருந்தார்கள். டிரம்ப் வென்றார். 2025 ஆகஸ்டில், தபால் வாக்கை ஒழிக்கும் இயக்கத்துக்குத் தாமே தலைமை தாங்கப்போவதாக அவர் மறுபடியும் அறிவித்தார்.