முகத்துக்கு எவ்வளவு கிட்டே போகலாம்?

செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்த படத்தில் மூக்கு முன்னால் வந்து நிற்கும், காதுகள் பின்னால் ஒடுங்கிப் போகும். "வைடு லென்ஸ் அப்படித்தான் இழுக்கும்" என்று லென்ஸ் மேல் பழி போடுவார்கள். வேலையைச் செய்வது தூரம்.

சின்னக் கணக்குதான். மூக்கு நுனியிலிருந்து காதுவரை 12 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மூக்குக்கு 30 செ.மீ. தள்ளி கேமரா இருந்தால் காது 42 செ.மீ. தள்ளி இருக்கும். தூரம் கூடக்கூட பிம்பம் சிறுக்கும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் 150-க்கு 162; வித்தியாசம் 8 சதவீதம்தான். தி. நகர் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவர் நம்மை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, தான் பின்னால் தள்ளி நிற்பது இதற்காகவும்தான்.

அப்புறம் முகப்படத்துக்கென்று பலரும் வைத்திருக்கும் 85 மி.மீ. லென்ஸ் எதற்கு? அதன் பார்வைக் கோணம் குறுகலானது. ஒரு மீட்டர் தள்ளி நின்றபடியே முகத்தால் சட்டகத்தை நிரப்பிவிடலாம். போனின் முதன்மைக் கேமராவில் அதே அளவு முகம் வேண்டுமென்றால் ஓரடிக்கும் உள்ளே போயாக வேண்டும். சந்தேகமிருந்தால் நின்ற இடத்திலிருந்து நகராமல் 1எக்ஸ், 3எக்ஸ் ஜூம் இரண்டிலும் எடுத்து, முதலாவதை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவு குறையும், மூக்கு மாறாது.

பெரிய கேமராவில் வேறொரு தொல்லை உண்டு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால், முன்பின்னாகக் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒன்றரை செ.மீ. மட்டுமே. கண் துல்லியமாக இருக்கும், மூக்கு நுனி கலங்கிவிடும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் தூரத்துக் கண்ணும் போச்சு. துவாரத்தைச் சுருக்கி எஃப் 5.6-க்குப் போனால் நாலரை செ.மீ. கிடைக்கும், கிட்டே இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் தப்பிக்கலாம். போனின் போர்ட்ரெய்ட் மோடு பின்னணியைக் கணக்குப் போட்டுக் கலக்குகிறது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் பறக்கும் முடியையும் அது பின்னணி என்று நினைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கலாம்.

சென்னையில் வெளிச்சம்தான் பெரிய தலைவலி. நகரம் 13 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். புருவத்தின் நிழல் கண்குழியில் விழும். குளோசப்பில் கண்ணே போனால் படத்தில் என்ன மிச்சம்? மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீட்டுத் திண்ணை ஓரத்தில் தெருவைப் பார்த்து உட்காரவையுங்கள். தலைக்கு மேலே கூரை மறைக்க, வெளிச்சம் எதிரிலிருந்து வரும், கருவிழியில் வானத்தின் வெள்ளைப் புள்ளி விழும். மடியில் வெள்ளை வேட்டியை விரித்தால் தாடைக்குக் கீழே உள்ள நிழலும் குறையும்.

வேர்வையையும் மறக்கவேண்டாம். ஈரத் தோல் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புவதால் நெற்றியில் வெள்ளைத் திட்டு தெரியும், அதைப் பின்னால் சரிசெய்வது கஷ்டம். எடுப்பதற்கு முன் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள்; தேய்த்தால் தோல் சிவந்துவிடும்.