பற்றரியை மாற்ற முதல் பொனற் சுவிற்சைப் பாருங்கள்

புகையிரதக் கடவையில் கேற் விழுந்து, பிரேக்கை மிதித்தபடி நின்றால் எஞ்சின் தானாக நிற்கும், காலை எடுத்தால் தானாக ஸ்ரார்ட் ஆகும். ஜப்பானில் இருந்து வந்த வாகன் ஆர், விற்ஸ் மாதிரியான சின்னக் கார்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது, வன்னியிலும் அவை ஓடுகின்றன. அது ஒரு நாள் வேலை செய்யாமல் விட்டால் கராஜில் முதலில் வரும் பதில், "பற்றரிதான் அண்ணை, மாத்தினாச் சரி." இந்த வகைக் காருக்குப் போடும் பற்றரி சாதாரண பற்றரியைவிட விலை கூட. வயல் விதைக்கிற காலத்தில் அந்தக் காசை வீணாகக் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஞ்சினை நிறுத்த முதல் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கொம்பியூட்டர்) நிறைய விசயங்களைப் பார்க்கிறது: எஞ்சின் சூடேறிவிட்டதா, பற்றரியில் போதிய சார்ஜ் இருக்கிறதா, உள்ளே குளிர் வந்துவிட்டதா, சாரதி பெல்ற் போட்டிருக்கிறாரா, கதவும் பொனற்றும் பூட்டியிருக்கின்றனவா, பிரேக் மிதிபட்டிருக்கிறதா. ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் வரும்போது எஞ்சின் நிற்கவில்லை என்றால் அது பழுதே இல்லை. காலமை, ஏசியை நிறுத்திவிட்டு, எஞ்சின் சூடாகும்வரை ஓடிப் பாருங்கள். அப்பவும் நிற்கவில்லையா, சரி, இனித் தேடலாம்.

பற்றரியை மீற்றரால் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் அளவில் காட்டி, ஸ்ரார்ட் பண்ணும்போது 10க்குக் கீழே விழாமல், எஞ்சின் ஓடும்போது 14 பக்கம் ஏறினால் பற்றரியின் மேல் பழி போட முதல் சுவிற்சுகளைப் பார்ப்பதுதான் நியாயம்.

அதில் என் முதல் சந்தேகம் எப்போதும் பொனற் சுவிற்ச். பொனற் திறந்திருக்கும்போது எஞ்சின் தானாக ஸ்ரார்ட் ஆனால் உள்ளே கைவிட்டிருப்பவரின் விரல் எஞ்சின் பெல்ற்றில் போய்விடும், அதற்காகத்தான் அந்தச் சுவிற்சையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது இருப்பது பல கார்களில் பொனற் பூட்டுக்குள், காரின் மூக்கில், கிரவல் வீதியின் புழுதியும் மாரியில் தெறிக்கிற சேறும் நேரே வந்து படுகிற இடத்தில்.

சுவிற்ச் என்றால் ஒன்றில் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விசயம் அப்படியில்லை. பல கார்களில் ஈசியூ உள்ளே ஒரு ரெசிஸ்ரர் (கரண்டைக் குறைக்கிற தடை) வழியாக அந்த வயருக்கு வோல்ற் கொடுத்து வைத்திருக்கும். சுவிற்ச் திறந்திருந்தால் வயரில் முழு வோல்ற் நிற்கும், பொனற்றைப் பூட்டிச் சுவிற்ச் மூடினால் வயர் காரின் பொடியோடு (பற்றரியின் மைனஸ் பக்கம்) சேர்ந்து, வோல்ற் பூச்சியத்துக்கு வரும். உள்ளே இருப்பது 1000 ஓம், வோல்ற் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். புழுதியும் துருவும் பிடித்து சுவிற்சின் தொடுமுனையில் 500 ஓம் தடை வந்துவிட்டால், மூடிய நிலையிலும் வயரில் 4 வோல்ற் நிற்கும். பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று ஈசியூவால் நம்பிச் சொல்ல முடியாத ஒரு அளவு அது, ஆகவே அது எஞ்சினை நிறுத்தாமல் விட்டுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பின்னால் எரிகிற இரண்டு 21 வாற் பிரேக் பல்புகளுக்கு கிட்டத்தட்ட 3.5 அம்பியர் போகிறது, தொடுமுனையில் படியும் மெல்லிய படலத்தை அந்தக் கரண்டே எரித்துத் துப்புரவாக்கிவிடும். மேலே சொன்ன கணக்கில் பொனற் சுவிற்சில் போவது 12 மில்லி அம்பியர்தான், படலத்தை உடைக்க அது காணாமல் போகலாம், அப்படியானால் அழுக்கு அப்படியே கூடிக்கொண்டு போகும்.

முத்தையன்கட்டுப் பக்கம் தினமும் ஓடுகிற, தெரிந்த ஒருவரின் காரில் இதைத்தான் கண்டோம். எஞ்சினை நிறுத்தி, சாவியை ஓனில் மட்டும் வைத்து, பொனற் சுவிற்சின் சொக்கற்றைக் கழற்றாமல் பின்பக்கத்தால் மீற்றர் ஊசியை விட்டு, மற்ற ஊசியை பற்றரியின் மைனசில் பிடித்தோம். பூட்டின் நாக்கை ஸ்குரூட்ரைவரால் அழுத்தினால் பொனற் பூட்டிய மாதிரி. பூச்சியத்துக்குக் கிட்ட வரவேண்டிய அளவு 4க்கு மேலே நின்று ஆடியது. பூட்டுக்குள் செம்மண்ணும் பழைய கிறீசும் சேர்ந்து களியாக இறுகிக் கிடந்தது. கொன்ராக்ற் கிளீனர் (தொடுமுனைகளைத் துப்புரவாக்கும் ஸ்பிறே) அடித்துக் கழுவி, பலதரம் அழுத்தி விட்டதும் 0.1க்கு வந்தது, அப்புறம் ஓடிப் பார்க்க எஞ்சின் ஒழுங்காக நின்றது. (பொனற்றைச் சாத்த முதல் லீவரை இழுத்து நாக்கை விடுவித்துவிடுங்கள்.) சில கார்களில் சுவிற்ச் எதிர்மாறாகவும் வேலை செய்யும், ஆகவே வயரிங் படத்தைப் பார்த்துவிட்டு அளக்க வேண்டும். ரெஸ்ற் லாம்பால் (கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற பல்ப்) ஈசியூ வயரைத் தொடவே வேண்டாம், அது இழுக்கிற கரண்ட் உள்ளே சேதம் பண்ணலாம்.

பொனற் சுவிற்ச் நல்லது என்றால் அடுத்தது பிரேக் சுவிற்ச். பல கார்களில் அதற்குள் இரண்டு சோடித் தொடுமுனைகள் உண்டு, மிதிக்கும்போது ஒன்று மூடும், மற்றது திறக்கும். இரண்டும் சொல்வது பொருந்தாவிட்டால் ஸ்கானரில் (ஈசியூவை வாசிக்கிற கருவி) பி0504 என்ற பழுதுக் கோட் வரும். லைற்றுக்கான சோடி மட்டும் நல்லாக இருந்தாலே பிரேக் லைற் எரியும், அதைப் பார்த்துச் சுவிற்ச் சரி என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்கானரில் நேரடி அளவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் மெதுவாக மிதிக்க, மற்றவர் இரண்டும் ஒரே நேரத்தில் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால் பெடலுக்கு மேலே சுவிற்ச் இருக்கும் இடைவெளியைச் சரிபார்த்து, அதற்கும் சரிவராவிட்டால் சுவிற்சை மாற்றுங்கள். இதை மட்டும் அடுத்த கிழமைக்குத் தள்ள வேண்டாம், மாடும் லைற் இல்லாத லான்ட்மாஸ்ரரும் குறுக்கே வருகிற இரவு வீதியில் பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் லைற்தான் அடையாளம்.