பல்செயலித் தாய்ப்பலகை

'மல்டி-பிராசசர் மதர்போர்டு' என்பதைத் தமிழில் பல்செயலித் தாய்ப்பலகை எனலாம். கணினியின் மூளையான செயலிகளை, இரண்டு அல்லது அதற்கு மேல், தனித்தனிச் சாக்கெட்டுகளில் (செயலி உட்காரும் இடங்களில்) பொருத்தும் பலகை இது.

சின்னச் சின்ன அட்டைகளை ஆங்கிலத்தில் மகள்பலகை என்பார்கள்; அவற்றைத் தாங்குவதால் முதன்மைப் பலகை தாய். 1981-ல் வந்த தன் பிசியில் ஐபிஎம் தாய்ப்பலகையை 'சிஸ்டம் போர்டு' என்றுதான் அழைத்தது. 'பிராசசர்' என்பதன் வேர், முன்னே செல்லுதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. தமிழில் செயல் என்பதோடு 'இ' சேர்ந்து செயலி ஆனது. நல்ல சொல்தான். ஆனால் கைபேசி ஆப்பையும் செயலி என்றே எழுதுகிறோம். அதனால் 'பல்செயலி' என்று மட்டும் எழுதினால் பல ஆப்கள் என்று படிக்க இடமுண்டு. தாய்ப்பலகையையும் சேர்த்தே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் செயலிக்கும், அதற்குள் கணக்கிடும் பகுதியான கோருக்கும் நடுவே. எட்டு கோர் இருந்தாலும் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பது ஒரே செயலிதான். கோரைக் 'கரு' என்று எழுதினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளாது.

வீட்டு ஆர்வலர்களிடையே இந்தச் சொல்லுக்கு மவுசு கூட்டியது 1999-ல் வந்த ஆபிட் பிபி6 என்ற தாய்ப்பலகை. விலை குறைந்த இரண்டு செலரான் செயலிகளை அதில் பூட்டி ஓட்டினார்கள். அப்போதே ஒரு சிக்கல்: விண்டோஸ் 98 ஒரு செயலியை மட்டுமே பயன்படுத்தும். இரண்டும் உழைக்க வேண்டுமானால் விண்டோஸ் என்டிக்கோ லினக்ஸுக்கோ மாற வேண்டும். 2005-ல் பென்டியம் டி, அத்லான் 64 எக்ஸ்2 செயலிகள் மூலம் ஒரே செயலிக்குள் இரண்டு கரு வந்ததும், வீட்டுக்கு இரண்டாவது சாக்கெட் தேவைப்பட்ட காரணம் பெரும்பாலும் போய்விட்டது.

இன்றும் ஆசை விடுவதில்லை. பழைய சர்வர் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கத் தூண்டுகின்றன. வாங்கிய பிறகுதான் தெரியும், விண்டோஸ் 11 ஹோம் ஒரு சாக்கெட்டைத்தான் ஏற்கும் என்பது. இரண்டுக்கு புரோ வேண்டும். அப்புறம் அளவு. வழக்கமான ஏடிஎக்ஸ் பலகை 305 x 244 மில்லிமீட்டர்; இரட்டைச் செயலிப் பலகைகளில் பரவலான இஇபி அளவு 305 x 330. சாதாரண கேபினெட்டில் அது அடங்காது. சூட்டை வெளியேற்ற இரண்டு ஹீட்சிங்க், கூடுதல் மின் இணைப்பு, சும்மா இருக்கும்போதும் கூடுதல் மின்செலவு, காதைத் துளைக்கும் விசிறி.

நினைவகம்தான் முக்கியம். இன்றைய இரட்டைப் பலகைகளில் ஒவ்வொரு செயலிக்கும் தனி ரேம் உண்டு. முதல் செயலிக்கு வேண்டிய தரவு இரண்டாவதன் ரேமில் இருந்தால், நடுவிலுள்ள இணைப்பைக் கடந்து போய் எடுத்துவர வேண்டும், அதற்குத் தாமதமாகும். நூமா (NUMA, சீரற்ற நினைவக அணுகல்) என்பது இந்த அமைப்புதான். இதை எதிர்பார்த்து எழுதப்படாத விளையாட்டுகள் சில சமயம் ஒற்றைச் செயலியில் ஓடுவதைவிட மெதுவாகவே ஓடும். சரி, இரண்டாவதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தச் சாக்கெட்டைக் காலியாக விட்டால், அதைச் சேர்ந்த ரேம் துளைகளும், அதோடு இணைந்த பிசிஐஇ துளைகளும் (கிராஃபிக்ஸ் அட்டை போன்றவற்றைச் செருகும் இடங்கள்) வேலை செய்யாது.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்கையும் பாருங்கள். ஒரு வேலையில் பாதி, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்றால், எத்தனை செயலி சேர்த்தாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. முப்பரிமாணப் படம் உருவாக்குவோருக்கும், பல மெய்நிகர் கணினிகளை (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை) ஒரே நேரத்தில் ஓட்டுவோருக்கும் இந்தப் பலகை உண்மையிலேயே உதவும். மற்றவர்கள் அதே பணத்தில் கருக்கள் அதிகமுள்ள ஒரே செயலியை வாங்குவது நல்லது.

வீட்டுக்கு வரும் பலகைகளில் பெரும்பாலும் இரண்டு சாக்கெட்டுகளே இருப்பதால், 'பல்செயலி' என்பதைவிட 'இருசெயலித் தாய்ப்பலகை' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. இந்த எண்ணிக்கையைச் சில செயலிகளின் பெயரிலேயே படிக்கலாம். இன்டெலின் சர்வர் செயலியான ஜியான் இ5-2670 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் 2, இரண்டு சாக்கெட் வரை இது இயங்கும் என்பதற்கான குறி. அந்த இடத்தில் 1 இருந்தால், அதை இரண்டாக வாங்கிப் பூட்டினாலும் சேர்ந்து இயங்காது.