பார்ட்னர்ஷிப்: பங்காளியா, கூட்டாளியா, கூட்டாண்மையா?

வணிகத்தில் மனித உரிமைகளைக் காக்க நிறுவனம், தொழிற்சங்கம், தன்னார்வ அமைப்பு, ஐ.நா. முகமை ஆகியவற்றுள் எந்த இரண்டு கைகோத்தாலும் ஆங்கில அறிக்கைகள் அதற்கு வைக்கும் பெயர் ஒன்றுதான்: பார்ட்னர்ஷிப். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் பங்காளி, பங்குதாரர், கூட்டாளி, கூட்டணி, கூட்டுறவு, கூட்டாண்மை என்று ஆறு சொற்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பொருள் தடம் மாறிவிடும்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. பிரித்தல் என்று பொருள்படும் 'பார்த்தீத்தியோ' என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக 'பார்சனர்' என்று இங்கிலாந்துக்கு வந்தது. பார்சனர் என்றால் சொத்தில் உடன் வாரிசாக இருப்பவர். 'பார்ட்' என்ற சொல்லின் சாயல் ஏறி, அது பின்னாளில் 'பார்ட்னர்' ஆயிற்று. அப்படிப் பார்த்தால் அதற்கு நேரான தமிழ்ச்சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது: பங்காளி. தாத்தன் சொத்தில் பங்குள்ள தாயாதிக்காரன். இரண்டு மொழிகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்கின்றன. ஆங்கிலச் சொல் குடும்பத்தை விட்டுக் கடைக்கும் கம்பெனிக்கும் போய்விட்டது. தமிழ்ப் பங்காளி இன்னும் குடும்பத்துக்குள்தான் இருக்கிறார், பெரும்பாலும் வரப்புத் தகராறோடு. அதனால்தான் ஓர் உரிமை அமைப்பும் ஓர் ஆடை நிறுவனமும் 'பங்காளிகள் ஆயின' என்று எழுதினால், அவை அடுத்து நீதிமன்றத்துக்குப் போகப்போகின்றன என்று தோன்றுகிறது.

வணிகச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்குத் துல்லியமான எல்லை உண்டு. 1890-ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், இலாப நோக்கில் சேர்ந்து தொழில் நடத்துவோரிடையே உள்ள உறவே பார்ட்னர்ஷிப் என்கிறது. இந்தியாவின் 1932-ஆம் ஆண்டுச் சட்டம் இலாபத்தைப் பகிர்வதையும், எல்லோருக்காகவும் ஒருவர் செயற்படலாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டிலும் முக்கியமானது பொறுப்பு. தொழிலின் பேரில் ஒருவர் பட்ட கடன் மற்றவர்களையும் பிடிக்கும். இலாபத்தில் பங்கு உண்டென்றால் நட்டத்திலும் உண்டு.

மனித உரிமைத் துறைக்கு வந்தபோது சொல் இந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டது. 2000-இல் தொடங்கிய ஐ.நா. குளோபல் காம்பாக்ட் என்ற பொறுப்பான வணிகத்துக்கான முயற்சி, நிறுவனங்களைத் தாமாக முன்வந்து சேர அழைத்தது. 2015-இல் ஏற்கப்பட்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் பதினேழாவது இலக்கே பார்ட்னர்ஷிப்தான். ஒரு கருத்தரங்குக்குச் சேர்ந்து பந்தல் போட்டதும் பார்ட்னர்ஷிப், பத்தாண்டு ஒப்பந்தமும் பார்ட்னர்ஷிப். 2011-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்ற, வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய 31 வழிகாட்டு நெறிகள் இந்த விஷயத்தில் கவனமாக இருக்கின்றன. பல தரப்பினர் சேர்ந்து நடத்தும் முயற்சிகளைப் பற்றிப் பேசும் முப்பதாவது நெறி, அவற்றில் பயனுள்ள குறைதீர் வழி இருந்தாக வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவர் வந்து கதவைத் தட்ட ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

இனித் தமிழ்ச் சொற்கள். பங்குதாரர் என்பதில் உள்ள 'தார்' பாரசீக விகுதி, வைத்திருப்பவர் என்று பொருள். இன்று அந்தச் சொல்லைப் பங்குச்சந்தை எடுத்துக்கொண்டது. ஆனாலும் மொழிபெயர்ப்புகளில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல்லுக்கும் பங்குதாரர் என்றே போடுகிறார்கள். விளைவு, ஒரு பங்குகூட இல்லாத தையல் தொழிலாளி நிறுவனத்தின் பங்குதாரர் ஆகிவிடுகிறார்! 'தொடர்புடைய தரப்பினர்' என்றால் வேலை முடிந்தது. கூட்டாளிக்கு வேறொரு சிக்கல். 'கொள்ளையனின் கூட்டாளி கைது' என்று படித்துப் படித்து அந்தச் சொல்லில் குற்ற வாடை ஏறிவிட்டது. கூட்டணியைத் தேர்தலும் கூட்டுறவைச் சங்கங்களும் கொண்டுபோய்விட்டன.

எஞ்சுவது கூட்டாண்மை. கூட்டு, ஆண்மை என்று பிரியும். இந்த ஆண்மை ஆள் என்ற வேரிலிருந்து வருவது, ஆளும் தன்மை என்று பொருள். குறளின் 'இல்லாண்மை' குடியை ஆளுதல், இன்றைய 'மேலாண்மை' நிர்வாகம், இரண்டிலும் அதே வேர். ஆகவே கூட்டாண்மை என்றால் சேர்ந்து ஆளுதல். சேர்ந்து நிற்பதோ சேர்ந்து படம் எடுத்துக்கொள்வதோ அதற்குப் போதாது. ஓர் எச்சரிக்கை: இலங்கைத் தமிழில் 'கார்ப்பரேட்' என்பதற்கே கூட்டாண்மை என்று எழுதும் வழக்கம் உண்டு. பார்ட்னர்ஷிப் அங்கே பங்குடைமை. இரு கரை வாசகர்களுக்கும் எழுதுகிறவர் முதல் பத்தியிலேயே பொருளைச் சொல்லிவிடுவது நல்லது.

சேர்ந்து ஆளுதல் என்ற அளவுகோலை நடப்பில் வைத்துப் பார்க்கலாம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மாதமே உருவான தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு (சுருக்கமாக அக்கார்டு) உலக ஆடை நிறுவனங்களுக்கும் இன்டஸ்ட்ரியால், யூனி என்ற உலகத் தொழிற்சங்கங்களுக்கும் இடையே சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக அமைந்தது. வழிநடத்தும் குழுவில் இரு தரப்புக்கும் சம இடம், தலைமை நடுநிலையாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிடம். சொன்னதைச் செய்யாத நிறுவனத்தை நடுவர் தீர்ப்புக்கு இழுக்கலாம். இழுக்கவும் செய்தார்கள்: 2016-இல் தொழிற்சங்கங்கள் இரண்டு வழக்குகளை ஹேக் நகரின் நிலையான நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோயின. அவற்றில் ஒன்று 23 இலட்சம் டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டதில் முடிந்தது. இதைக் கூட்டாண்மை என்று தயங்காமல் எழுதலாம். அதே ஒப்பந்தத்தில் கிளீன் குளோத்ஸ் கேம்பெய்ன் போன்ற, ஆடைத் தொழிலாளர் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் சாட்சிகளாகத்தான் கையெழுத்திட்டன. தம்மைப் பங்காளி என்று சொல்லிக்கொள்ளாமல் சாட்சி என்று எழுதியது எனக்கு மிகவும் பிடித்த நேர்மை.

எதிர்முனையில், மோதல் வைரங்களின் வணிகத்தைத் தடுக்க வந்த கிம்பர்லி நடைமுறை. 2003-இல் நடப்புக்கு வந்தது. அரசுகள், வைரத் தொழில், குடிமைச் சமூகம் என்று மூன்று தரப்பு சேர்ந்த முயற்சியாகவே அது பேசப்படும். ஆனால் முடிவெடுப்பவை அரசுகள், மற்ற இரு தரப்பும் பார்வையாளர்கள். மோதல் வைரம் என்றால் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் வைரம் என்று வரையறுத்ததால், ஜிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் அரசுப் படையினரே செய்த அத்துமீறல்கள் அதற்குள் அடங்கவில்லை. அந்த நடைமுறை உருவாக உழைத்த குளோபல் விட்னஸ் என்ற தன்னார்வ அமைப்பு 2011-இல் வெளியேறியது. பார்வையாளருக்கு ஆளும் பங்கு இல்லை, ஆகவே இது கூட்டாண்மையும் இல்லை. 'முத்தரப்பு ஏற்பாடு' என்பதே சரியான பெயர்.

எனவே என் பரிந்துரை இது. முடிவிலும் பொறுப்பிலும் இரு தரப்புக்கும் பங்கிருந்தால் கூட்டாண்மை. சேர்ந்து ஒரு வேலை செய்து பிரிந்தால் ஒத்துழைப்பு. எழுத்தில் வாக்குறுதி இருந்தால் உடன்பாடு. ஒருவர் பணம் கொடுத்து மற்றவர் திட்டம் நடத்தினால் நிதியுதவி, அதை வேறு பெயரில் அழைக்க வேண்டிய தேவை இல்லை. 'பிசினஸ் பார்ட்னர்' என்பது பெரும்பாலும் சரக்கு தருபவரையோ துணை ஒப்பந்தக்காரரையோ குறிக்கிறது. அங்கே 'வணிகத் தொடர்பில் உள்ளோர்' போதும்.

கடைசியாக, இந்த ஆவணங்களில் கூடவே வரும் 'ரைட்ஸ்ஹோல்டர்', அதாவது காக்கப்பட வேண்டிய உரிமைகளை உடையவர். இதை உரிமையாளர் என்று பெயர்ப்பதைப் பார்க்கிறேன். தமிழில் உரிமையாளர் என்றால் முதலாளி. 'ஆலையால் உரிமையாளர்கள் பாதிக்கப்பட்டனர்' என்று படிப்பவர் யாருக்காக இரங்குவார்? 'உரிமைக்குரியோர்' என்று எழுதுங்கள், அல்லது நேராகத் தொழிலாளர், நிலம் இழந்தோர், அக்கம்பக்கத்து மக்கள் என்று ஆளைச் சொல்லுங்கள்.