மாம்பழத்தில் கோடு எங்கே இருக்கிறது?

சித்திரை வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாத மதிய நேரம், படம் வரைந்து பழக மிகவும் தோதான நேரம். பொருள் தேடி எங்கும் போக வேண்டாம். கூடையில் இருக்கும் பங்கனப்பள்ளி ஒன்றை எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும்.

பென்சிலைக் கையில் எடுத்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: பழத்தைச் சுற்றி ஒரு கோடு போடுவோம். இப்போது பழத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதன் ஓரத்தில் கோடு எதுவும் இல்லை. மஞ்சள் ஓரிடத்தில் முடிகிறது, பின்னால் இருக்கும் சுவரின் வெள்ளை தொடங்குகிறது, அவ்வளவுதான். இல்லாத ஒன்றைத்தான் நாம் முதலில் வரைகிறோம். ஆனாலும் அந்த வெறும் கோட்டைப் பார்க்கிற சின்னக் குழந்தைகூட “மாம்பழம்” என்று சொல்லிவிடுகிறது. அது எப்படி?

இதற்கான விடையின் பெரும்பகுதி 1950-களின் கடைசியில் ஒரு பூனையின் மூளையிலிருந்து கிடைத்தது. டேவிட் ஹியூபல், டார்ஸ்டென் வீசல் என்ற இரு விஞ்ஞானிகளும் பூனையின் பார்வைப் புறணியில், அதாவது கண் பார்ப்பதைக் கையாளும் மூளைப் பகுதியில், இருக்கும் ஒற்றை நரம்பணு எதற்குத் துடிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சில்லில் புள்ளிகளை வைத்துத் திரையில் காட்டினார்கள். அந்த அணு பெரிதாக எதற்கும் அசையவில்லை. ஒருமுறை சில்லைக் கருவிக்குள் செருகும்போது திடீரென்று படபடவென்று துடித்தது. புள்ளிக்காக அல்ல. சில்லின் ஓரம் திரையில் ஒரு மெல்லிய நிழற்கோடாக நகர்ந்ததுதான் காரணம். அதே கோணத்தில் கோடு வந்தால் துடிக்கும், சாய்த்தால் அடங்கிவிடும். இந்த வேலைக்காக 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, மூளை உலகத்தை வாங்கிக்கொள்ளும்போதே ஓரங்களைத் தனியாகப் பிரித்தெடுக்கிறது. வெளிச்சமும் நிறமும் சட்டென்று மாறும் இடம் எது, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அறியவே அங்கே கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கின்றன. தாளில் நீங்கள் போடும் பென்சில் கோடு அந்த அணுக்களைத்தான் நேராகத் தட்டுகிறது. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியால் தீட்டிய உருவங்கள் நமக்கு இன்றும் மனிதராகவும் விலங்காகவும் தெரிவதற்கும் இதுவே அடிப்படை. எனக்கு இது பெரிய அதிசயமாகவே படுகிறது. கோட்டுச் சித்திரம் என்பது பொருளின் நகல் அல்ல, நம் பார்வை வேலை செய்யும் விதத்தின் நகல்.

சரி, மூளை இவ்வளவு உதவுகிறதே, அப்புறம் ஏன் படம் சரியாக வருவதில்லை? அதே மூளை வேறு பல இடங்களில் நமக்காகத் திருத்தம் செய்துவிடுவதால்தான்.

மாம்பழம் இருக்கும் தட்டையே எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டம் அல்ல, நன்றாகத் தட்டையான நீள்வட்டம். ஆனால் தட்டு வட்டமானது என்று நமக்குத் தெரியும். அந்தத் தெரிதல் கைக்குள் புகுந்துகொள்கிறது. ராபர்ட் தௌலெஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1931-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். சாய்ந்து கிடக்கும் வட்டத் தகட்டைக் காட்டி, அது எந்த வடிவமாகத் தெரிகிறது என்று கேட்டால், கண்ணில் விழும் வடிவத்தைவிடக் கூடுதல் உருண்டையான ஒன்றையே எல்லோரும் சொன்னார்கள். கண் பார்த்ததற்கும் மனம் அறிந்ததற்கும் நடுவே ஒரு சமரசம். அன்றாட வாழ்க்கைக்கு இந்தச் சமரசம் தேவை. இல்லாவிட்டால் நாம் நடக்க நடக்கத் தட்டு உருமாறிக்கொண்டே இருக்கும். வரைகிறவருக்கு மட்டும்தான் இது இடைஞ்சல்.

ஓவியர்கள் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலால் அளவெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த இடைஞ்சலைத் தாண்டத்தான் அது. பென்சிலின் நுனியைத் தட்டின் ஒரு ஓரத்துக்கு நேராகப் பிடித்து, மறு ஓரம் வரும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். அது அகலம். பென்சிலை அப்படியே நிமிர்த்தி, தட்டின் உயரம் அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள். நினைத்ததைவிட அது எவ்வளவு குறைவு என்பது பலருக்கு நம்பமுடியாததாக இருக்கும். முழங்கை மடங்கக் கூடாது. மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறி அளவு பிசகும். ஒரு கண்ணை மூடுவதற்கும் காரணம் உண்டு. இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு கண்ணும் பென்சிலை வேறு வேறு இடத்துக்கு நேராகக் காட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த ஒத்த முக்கோணங்கள்தான் இங்கே வேலை செய்கின்றன.

இன்னொரு சிக்கல் கண்ணிலேயே இருக்கிறது. கண் ஒரே சமயத்தில் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகம் அளவுதான். மற்றதெல்லாம் மங்கல். முழுக் காட்சியும் தெளிவாக இருப்பதாகத் தோன்றுவது, கண் நொடிக்குச் சுமார் மூன்று முறை இடம் மாறித் துண்டு துண்டாகப் பொறுக்கி வருவதால். வரையும்போது இந்தத் துண்டுகளைப் பழத்திலிருந்து தாளுக்கு நினைவில் சுமந்து வர வேண்டும். பழத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பிறகு குனிந்த தலை நிமிராமல் வரைந்தால், கை வரைவது அந்தப் பழத்தை அல்ல, மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு மாங்காய்ப் படத்தை. புடவைக் கரையில் பார்த்துப் பழகிய மாங்காயாகவும் அது இருக்கலாம். ஒரு சின்ன வளைவைப் பாருங்கள், உடனே அதை மட்டும் போடுங்கள், திரும்பவும் பாருங்கள். இப்படி அடிக்கடி பார்த்து வரைகிறவர்களின் படம் பொருளுக்கு நெருக்கமாக வருகிறது என்று ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது.

இப்படிப் பார்த்து வரைந்தது மனத்திலும் நிற்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்கள் பின்னால் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். படம் அழகாக இருந்ததா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

இனி வெளிச்சம். ஜன்னல் பக்கம் பழம் பளிச்சென்று இருக்கிறது. மறுபக்கம் போகப் போக இருண்டு, ஒரு பட்டையாக மிகக் கருத்து, அடிப்பக்கம் வரும்போது மறுபடியும் கொஞ்சம் வெளுக்கிறது. அந்தக் கடைசி வெளுப்பு தட்டில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம். இதைப் போட்டால்தான் பழம் உருண்டு நிற்கும். ஆனால் புதிதாக வரைகிறவர் கண்ணுக்கு இது எளிதில் தெரியாது. “பழம் முழுக்க மஞ்சள்” என்று மூளை அடித்துச் சொல்லிவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஏடெல்சன் 1995-இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. பலகையின் மேல் ஓர் உருளையின் நிழல் விழுகிறது. நிழலில் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம்தான். சொன்னாலும் கண் ஒப்புக்கொள்ளாது. நிழலைக் கழித்துவிட்டு உண்மை நிறத்தைக் கணக்கிடுவது மூளையின் வேலை, அதை நாம் சொல்லி நிறுத்த முடியாது.

நிறுத்த முடியாவிட்டாலும் ஏமாற்றலாம். ஒரு அட்டையில் சிறு துளையிட்டு அதன் வழியாகப் பழத்தின் நிழல் பக்கத்தை மட்டும் பாருங்கள். சுற்றியுள்ள தடயங்கள் மறைந்ததும் மூளைக்குக் கணக்கிட ஒன்றும் கிடைக்காது. மஞ்சள் என்று நினைத்த இடம் பழுப்பாக, சில சமயம் பச்சை கலந்த சாம்பலாக இருப்பது தெரியும். அட்டை இல்லையென்றால் கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். நுணுக்கங்கள் கலங்கி, வெளிச்சம் ஒரு திட்டு, இருட்டு ஒரு திட்டு என்று பிரிந்து நிற்கும். ஓவியம் சொல்லித்தருகிறவர்கள் “கண்ணைச் சுருக்கிப் பார்” என்று சொல்வது இதற்குத்தான்.

கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், கையில் இருக்கும் பென்சிலும் லேசுப்பட்டதல்ல. அதன் கறுப்பு மை கிராஃபைட். சுத்தமான கரி அணுக்கள் அறுகோணக் கண்ணிகளாகப் பின்னிய தகடுகள், அப்பளக் கட்டு அடுக்கி வைத்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரு தகட்டுக்குள் பிணைப்பு மிக வலுவானது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பிடிப்பு மிக லேசானது. இடைவெளி 0.335 நானோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 30 லட்சம் தகடுகள். தாள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், உள்ளே தாவர நார்கள் தாறுமாறாகக் கிடக்கும் மேடுபள்ளம். பென்சில் அதில் உரசும்போது அடுக்குகள் வழுக்கிப் பிரிந்து, துணுக்குகளாக நார்களின் இடுக்கில் தங்கிவிடுகின்றன. வழவழப்பான கண்ணாடியில் பென்சில் சரியாக எழுதாதது இதனால்தான். 2004-இல் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் கிராஃபைட்டில் சாதாரண ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தே ஒற்றைத் தகட்டைப் பிரித்தெடுத்தார்கள். கிராஃபீன் என்ற அந்தப் பொருளுக்காக 2010-இல் நோபல் பரிசு வந்தது.

கிராஃபைட் தூள் மட்டும் இருந்தால் பென்சில் பொலபொலவென்று உதிரும். 1795-இல் பிரான்சின் நிக்கோலா ழாக் கோந்தே, கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். போரினால் இங்கிலாந்தின் நல்ல கிராஃபைட் பிரான்சுக்கு வராமல் போனதுதான் அந்தத் தேவையை உண்டாக்கியது. இன்றைய பென்சிலும் அதே வழிதான். களிமண் கூடினால் கெட்டியாகி வெளிறிய கோடு வரும், அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையாகக் கறுக்கும், அது பி வரிசை. நம் சிவகங்கையில் கிராஃபைட் வெட்டியெடுக்கிறார்கள். இலங்கையின் போகலவிலும் கஹட்டகஹவிலும் பூமிக்கடியில் நரம்பாக ஓடும், மிகத் தூய கிராஃபைட் கிடைக்கிறது. நிழலை எவ்வளவு அழுத்திப் போட்டாலும் கன்னங்கரேலென்று வராமல் ஒரு பளபளப்பு மிஞ்சும், கவனித்திருக்கிறீர்களா? கிராஃபைட் தகடுகளில் தாராளமாகத் திரியும் எலக்ட்ரான்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆழ்ந்த கறுப்பு வேண்டுமென்றால் அடுப்புக்கரியே மேல்.

அழிப்பதற்கு முன்பெல்லாம் ரொட்டித் துண்டைப் பயன்படுத்தினார்கள். ரப்பர் பென்சில் கோட்டை அழிக்கிறது என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770-இல் குறித்து வைத்தார். தாள் நாரைவிட ரப்பரோடு துணுக்குகள் அதிகம் ஒட்டுவதால் அவை இடம் மாறி, உதிரும் பொடியோடு சுருண்டு வந்துவிடுகின்றன. ஆனால் அழுத்திப் போட்ட கோட்டுக்கு ரப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. கறுப்பு போனாலும் நசுங்கிய நாரின் பள்ளம் இருக்கும், மேலே நிழல் தீட்டினால் வெள்ளைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். முதல் கோடுகளைத் தாளில் பட்டும் படாமல் போடச் சொல்வது இதனால்தான். ஜியாமெட்ரி பாக்ஸில் வெள்ளை ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு உருகி ஒட்டிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். இப்போதைய ரப்பர் பலவும் பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து ஸ்கேலை இளக்கிவிடுகிறது. உறை போட்டு வைத்தால் நல்லது.

ஐப்பசி அடைமழையில் இதே தாள் வேறு குணம் காட்டும். நார் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உப்பும். தாள் தளர்ந்து, கெட்டிப் பென்சில் கீறும், ரப்பர் தேய்த்தால் மேல்தோல் உரியும். நோட்டின் ஓரங்கள் முதலில் ஈரம் வாங்கி நீள்வதால் அலை அலையாக நெளியும். அந்த மாதங்களில் 2பி பென்சிலை லேசாகப் பிடிப்பதே சரி.

மழை இல்லாத நாட்களில் நான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படும் ஒரு பயிற்சி உண்டு, மொட்டைமாடியில் டம்ளர் நிழலை வரைவது. 10 செ.மீ. உயரமுள்ள, நேரான டம்ளர். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது பெரும்பாலான மாதங்களில் கடிகாரத்தில் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில். ஏப்ரல் கடைசி வாரத்தில் அந்த நேரத்தில் டம்ளருக்கு நிழலே இருக்காது, சூரியன் நேர் தலைக்கு மேல். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இது ஏப்ரல் நடுவிலேயே வந்துவிடும். ஆகஸ்டில் இன்னொரு முறையும் வரும். மார்கழியில் பார்த்தால் அதே டம்ளருக்கு வடக்கே 7.4 செ.மீ. நீள நிழல். நிழலின் ஓரத்தையும் கவனியுங்கள். அடியில் கூர்மையாக இருக்கும், நுனிப்பக்கம் மங்கும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரைப் பாகை (டிகிரி) அகலம் உள்ள தட்டு. அதனால் பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நிழலின் ஓரம் கலங்கும். இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டிய துணிக்கம்பியின் நிழல் தரையில் ஏறக்குறையக் கரைந்தே போய்விடுவது இதனால். வேப்பமரத்தடியில் இலைச் சந்துகள் என்ன வடிவமாக இருந்தாலும் வெயில் வட்ட வட்டப் பொட்டாக விழுவதும் அதே தட்டின் பிம்பம்தான்.

ஜூன் மாத நண்பகலில் சூரியன் சென்னைக்கு வடக்கே போயிருக்கும், நிழல் 1.8 செ.மீ. அளவுக்குத் தெற்கே திரும்பி விழும். எனவே ஒரே தாளில் வருஷம் முழுக்க வரைவதாக இருந்தால், டம்ளரைத் தாளின் நடுவில் வைக்காமல் தென்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடிவட்டத்தைச் சுற்றி முதலிலேயே கோடு போட்டு, வடக்கு எது என்று குறித்துவிட்டு, ஒவ்வொரு நிழலின் நுனியிலும் தேதி எழுதுங்கள்.