எக்ஸ்மஸ்ஸில் சிலுவை இல்லை

போன டிசம்பரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ‘சிலுவைத் திருநாள் வாழ்த்துகள்’ என்று ஒட்டியிருந்தார்கள். இதே சொல்லை அதற்கு முன் ஒரு கடைத் துண்டுச்சீட்டிலும், வாட்ஸ்அப் வாழ்த்து ஒன்றிலும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கேட்டே விட்டேன். “நான்தான் சார் எழுதினேன். கிறிஸ்துமஸைச் சுருக்கி எக்ஸ்மஸ் (Xmas)னு எழுதுறாங்களே, அதுக்குத் தமிழ். எக்ஸ்னா சிலுவை, மஸ்னா திருநாள்” என்றார் சங்கச் செயலாளர், பெருமையாக.

முதலில் அது எக்ஸே இல்லை. கிறிஸ்துவுக்குக் கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ். அருள்பொழிவு பெற்றவர், அதாவது மெசியா என்று பொருள். அதன் முதல் எழுத்து பார்க்க ஆங்கில எக்ஸ் போலிருக்கும், ஒலியோ ககரத்தின் பக்கம். ‘மஸ்’ என்பது திருப்பலி, பேச்சில் பூசை. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்தச் சுருக்கம் உண்டு. நாத்திகர்கள் கிறிஸ்துவின் பெயரை வெட்டிவிட்டார்கள் என்று வருஷா வருஷம் சுற்றும் கதை வெறும் கதைதான்.

சரி, சிலுவைக்கு வருவோம். சிலுவை இயேசு இறந்த பெரிய வெள்ளிக்கு உரியது. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பார்களா? செயலாளர் விடவில்லை. எக்ஸ் வடிவத்திலும் சிலுவை உண்டே, எழும்பூர் ஆண்ட்ரூஸ் சர்ச்சின் அந்திரேயா அப்படிப்பட்ட சிலுவையில்தானே இறந்தார் என்றார். அந்தச் சர்ச் 1821இலிருந்து அங்கே நிற்கிறது, அந்திரேயாவின் சிலுவை பற்றிய மரபும் உண்மைதான். ஆனால் அது இயேசுவின் சீடருடைய சிலுவை. அவருடைய திருநாள் நவம்பர் 30. அதை டிசம்பர் 25க்கு இழுத்து வந்து ஒட்டினால் எப்படி? இத்தனைக்கும் சிலுவை என்ற சொல்லே சிரிய மொழியிலிருந்து வந்தது. தனித்தமிழ் வேண்டும் என்று கிளம்பியவர் போய்ச் சேர்ந்த இடம் அது.

எழுத்தின் வடிவத்தைப் பார்த்து மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும். தி.நகர்க் கடைப் பலகைகளில் ‘எக்ஸ்மஸ் தள்ளுபடி’ என்று தமிழ் எழுத்தில் போடுவதும் இதற்குக் குறைந்ததில்லை. ரோமன் எழுத்தில் எழுதும்போதாவது அந்தக் கிரேக்க எழுத்தின் உருவம் கண்ணுக்குத் தெரியும். தமிழில் எழுதியதும் உருவம் போய்விடுகிறது; மிஞ்சுவது சம்பந்தமே இல்லாத ஓர் ஆங்கில எழுத்தின் பெயர். அதற்குக் கிறிஸ்துமஸ் என்றே எழுதிவிட்டுப் போகலாம், யாருக்கும் புரியும்.

தமிழில்தான் வேண்டும் என்றால் கிறிஸ்து பிறப்பு விழா இருக்கிறதே. கத்தோலிக்கக் கோயில்களில் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா என்றே சொல்கிறார்கள். இலங்கைத் தமிழர் நத்தார் என்பார்கள். போர்த்துக்கீசிய நத்தாலிலிருந்து வந்தது, அதுவும் பிறப்பைத்தான் குறிக்கிறது. சாந்தோம் என்ற பெயரையே போர்த்துக்கீசியரிடம் வாங்கிக்கொண்ட நம் ஊரில் நத்தார் ஏன் ஒட்டவில்லை என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

சுருக்கமும் நம்மிடம் உண்டு. கி.மு., கி.பி. என்று எழுதும்போது கிறிஸ்துவை ‘கி’ என்ற ஒரே எழுத்தில் அடக்கிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிரேக்க எழுத்தின் பழைய பெயரும் ஏறக்குறைய ‘கி’தான்.

இதையெல்லாம் செயலாளரிடம் பொறுமையாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டவர் கடைசியில், “அப்போ கிறிஸ்து பிறப்பைச் சுருக்கி ‘கி.பி. வாழ்த்துகள்’னு போட்டுடலாமா சார்?” என்றார்.