இரண்டு கோத்தகிரி

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இறங்கி மேயும் காட்டெருமைகளைப் பல வருடமாகப் படமெடுத்து வருகிறார் என் நண்பர். ஊர்வாரியாக ஃபோல்டர், அதற்குள் மாதவாரியாக ஃபோல்டர். எந்த ஊரில் எத்தனை படம் என்று எண்ண பைத்தான் என்ற நிரல்மொழியில் பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். முதல் ஓட்டத்திலேயே மானம் போயிற்று. விடையில் கோத்தகிரி இரண்டு முறை வந்தது. 'வேண்டாதவை' என்ற ஃபோல்டரை விட்டுவிடச் சொல்லியும் அதையும் எண்ணி வைத்திருந்தது.

இரண்டாவது என் தவறு. ஃபோல்டர்களுக்குள் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்கும் பைத்தானின் 'ஓஎஸ்.வாக்' என்ற செயற்கூறு ஒவ்வொரு ஃபோல்டரிலும் மூன்றைக் கொடுக்கும்: நிற்கும் இடம், உள்ளிருக்கும் ஃபோல்டர்களின் பட்டியல், கோப்புகளின் பட்டியல். அடுத்து எங்கே இறங்குவது என்பதை அந்த ஃபோல்டர் பட்டியலைப் பார்த்துத்தான் அது முடிவு செய்கிறது. நானோ வேண்டியவற்றை மட்டும் வைத்துப் புதுப் பட்டியல் செய்து, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிட்டேன். மேஸ்திரி கையில் இருக்கும் சீட்டில் ஒரு காட்டின் பெயரை அடித்துவிடாமல், வேறு சீட்டு எழுதி நம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் அவர் எந்தச் சீட்டைப் பார்த்து நடப்பார்? பட்டியலின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறியும் அதற்குள் ஒரு முக்காற்புள்ளியும் போட்டு மாற்றினால், அவர் கையில் உள்ள சீட்டே திருத்தப்படும். இதுவும் மேலிருந்து கீழே நடக்கும்போதுதான் பலிக்கும். கீழிருந்து மேலே வரச் சொன்னால், சீட்டு நம் கைக்கு வருமுன் காடு சுற்றி முடிந்திருக்கும்.

முதல் சிக்கல்தான் ஒரு மாலையை விழுங்கியது. இரண்டு பெயரும் திரையில் அச்சு அசல் ஒன்றே. நீளத்தைக் கேட்டேன்: ஒன்றுக்கு 9, மற்றதற்கு 10!

எழுத்துக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் 'ோ' என்ற குறிக்கு 3019 என்று தனி எண் உண்டு. அதே குறியை 'ே' (3015), 'ா' (3006) என்று இரண்டாக உடைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் கோப்பு முறைமை சாதாரணமாகப் பெயரை வெறும் பைட் வரிசையாகத்தான் பார்க்கும். யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒன்று 27 பைட், மற்றது 30. ஆகவே இரண்டு ஊர். பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களை உடைத்தே சேமிக்கும். நண்பரின் ஒரு டிஸ்க் அங்கிருந்து வந்தது.

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள்தான் இப்படி உடையும். அதனால் கோடநாடும் தொட்டபெட்டாவும் இரட்டித்தன. குன்னூருக்கும் கூடலூருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூட்டும் முன் ஒவ்வொரு பெயரையும் 'நார்மலைஸ்' செயற்கூறில், உடைந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினேன். வரிகள் ஒன்றாயின.

அப்போதும் எண்ணிக்கை இருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே வந்தது. திறக்க அனுமதியில்லாத ஃபோல்டரை 'வாக்' மூச்சுவிடாமல் தாண்டிப் போய்விடும். 'ஆன்எரர்' என்ற இடத்தில் ஒரு செயற்கூறைக் கொடுத்தால்தான் வாய் திறக்கும். வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்கிணைப்புக்குள்ளும் தானாக நுழையாது. நுழையச் சொல்லலாம், அது மேல் ஃபோல்டரையே சுட்டினால் செக்குமாடுதான்.

படங்களையும் ஒரே ஃபோல்டருக்கு நகர்த்தலாமா என்று நண்பர் கேட்டார். கேமரா வைக்கும் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்; நகர்த்தினால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பழையது அழியலாம். இப்போதைக்கு டிஸ்க்கில் இரண்டு கோத்தகிரியும் அப்படியே இருக்கின்றன.